தீயில் எரியாத மஞ்சள் வார்

கயிறு இழுக்கும் போட்டியில் சேற்றில் மல்லாந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து மனதார மகிழ்ந்த ஆள் நான். பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். நாளைக்குப் பளு தூக்கப் போகும்போது மட்டும் உங்கள் கையிலிருக்கும் வாரை ஒருமுறை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சொல்ல வந்தது அவ்வளவுதான். அதை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஆனால் சுவரில் ஒட்டியதை நீங்கள் யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் படித்ததில்லை.

எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு பட்டறையில் எனக்கு வேலை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக்கம்பி சுற்றுவதும், ஆலைகளில் ஓடும் பெரிய விசிறிகளைப் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். பெருமாட்டியிலிருந்து தினமும் சோற்றுத் தூக்கோடு வந்து போவேன். தூக்கு கொஞ்சம் பெரியது. அதைப் பார்த்துவிட்டு, வைண்டிங் செய்ய ஆள் எடுத்தார்களா, விசிறியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக ஆள் எடுத்தார்களா என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பட்டறையில் கொடுக்கிற முதல் வேலை, பழைய மோட்டாரைப் பிரித்துச் சுரண்டுவது. செம்புக் கம்பியை உருவி எடுத்த பிறகு, உள்ளே காப்புக்காக வைத்திருக்கும் காகிதம் தெரியும். பார்க்க முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல் இருக்கும். விரலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மோட்டார் ஒரே நாளில் எரிவதில்லை என்பதை அந்தக் காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டித்தான் நான் புரிந்துகொண்டேன். வருடக்கணக்கில் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஓடி, காகிதம் பழுத்து நிறம் மாறி, வலுவிழந்து, அதற்குப் பிறகுதான் ஒருநாள் புகை வருகிறது. அதுவரை வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். இந்தச் சுரண்டல் வேலையைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

இடுக்கி மலையில், வட்டவடைக்குப் போகிற பாதையை ஒட்டி இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பெரிய விசிறி ஒன்று எங்களிடம் வந்தது. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்றை அனுப்புகிற விசிறி. தகட்டில் விரிசல். பழுது பார்த்து, ஆடாமல் சுற்றுகிறதா என்று சரிபார்த்து, அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தனியாக எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. தூக்குவதற்கு எங்கள் கம்பிக் கயிற்றையும் லாரியில் ஏற்றச் சொன்னேன். ஆனால் தோட்டத்திலிருந்து தொலைபேசியில் டிரங்க் கால் போட்டு, அதெல்லாம் எதற்கு, எங்களிடம் வெளிநாட்டு வார் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் கம்பிக் கயிறு வேறொரு வேலைக்குப் போய்விட்டது.

உடுமலை, மறையூர் வழியாக லாரி ஏறிக் காலையில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நல்ல கொழுந்து சீசன். அதைத் தோட்டத்தில் ரஷ் என்பார்கள். செடி நிற்காமல் துளிர்க்கும், பறிப்பதற்குக் கை போதாது. பாக்டரியின் மாடி முழுக்கக் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. அதை உருட்டி, உடனே டிரையரில் விட வேண்டும். டிரையரோ விசிறி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதுவரை கொழுந்தை வாங்கிக்கொண்ட பக்கத்துத் தோட்டத்தாரும் இனி எங்களால் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் விசிறி ஏறவில்லை என்றால், மழையில் நனைந்து பறித்த அவ்வளவும் உரக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

பாக்டரிக்குப் பொறுப்பாளரை டீமேக்கர் என்பார்கள். மலையாளி, நல்ல மனுஷர். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சாரே, வந்தல்லோ. சாயா குடிச்சிட்டு ஒடனே தொடங்கலாம்."

சாயாவோடு ரொட்டியும் வந்தது. இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு விசிறி உட்காரும் இடத்தைப் பார்க்கப் போனேன். கூட வந்தவர் பிட்டர் அந்தோணி. பாக்டரி இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிறவர் அவர்தான். ஒல்லியான ஆள், எதைச் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு.

இடத்தைப் பார்த்ததும் சாப்பிட்ட ரொட்டியை மறந்துவிட்டேன். டிரையருக்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். நுழைந்தால் முதுகு சுவரில் ஒட்டும், முகத்துக்கு நேரே இரும்பு. விசிறியை மேலே தூக்கி, டிரையரின் தலையைத் தாண்டி, அந்தச் சந்துக்குள் மெதுவாக இறக்க வேண்டும். கீழே ஒருவர் நின்று, அதன் தண்டு பேரிங்கில் சரியாக உட்காரும்படி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். விசிறியோ அரை டன்னைத் தாண்டும். மேலே ஏதாவது ஆனால் கீழே இருப்பவர் ஓட முடியாது. குனியக்கூட முடியாது.

"இதுக்குள்ள யாருங்க நிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நாந்தான் சாரு. வேற யாரு நொழைவா? டீமேக்கர் சாரு நொழைஞ்சா பொறவு அவரை எடுக்க இன்னொரு செயின் பிளாக் வேணும்லா." மூலையில் கிடந்த சங்கிலிக் கப்பியைக் காட்டி அந்தோணி சிரித்தார்.

வேறு வழி உண்டா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சுவரை உடைத்தால் உண்டு. சாயங்காலத்துக்குள் அது நடக்காது.

அப்போதுதான் டீமேக்கர் அந்த வாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பளுவைச் சுற்றிப் போட்டுக் கொக்கியில் மாட்டுகிற, அகலமாக நெய்த பட்டை. அந்த டிரையரை நிறுவ வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அன்பளிப்பாக விட்டுவிட்டுப் போனதாம். போவதற்கு முன் ஒரு வித்தையும் காட்டினாராம். வாரின் நுனியை இடுக்கியில் பிடித்து எரிகிற அடுப்புக்குள் காட்டி, வெளியே எடுத்து, உள்ளங்கையில் தட்டித் தூசியைத் துடைத்துவிட்டுச் சிரித்தாராம். உருகவில்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை. நான் போன சமயத்தில் அந்தக் கதை நன்றாக வளர்ந்திருந்தது. அந்த மஞ்சள் வாரை ஒரு பகல் முழுக்க நெருப்பில் போட்டு வைத்திருந்ததாக லாரியை விட்டு இறங்கியதுமே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

வாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல தேநீர் நிறத்தில் இருந்தது.

"மஞ்சள்னு சொன்னாங்களேங்க?"

"மஞ்சளாத்தான் இருந்துச்சு. காயக் காய நல்ல நெறம் ஏறிருச்சு" என்றார் அந்தோணி பெருமையாக.

"எங்கீங்க காய வெக்கறீங்க?"

அவர் மேலே கையைக் காட்டினார். அந்தக் குளிர் ஊரில் எதுவும் காயாது. துணி, செருப்பு, கம்பளி எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். அதனால் பாக்டரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். அடுப்பிலிருந்து கூரைக்குப் போகும் இரும்புப் புகைக்குழாயைச் சுற்றியிருந்த சட்டத்தில் ஆணி அடித்து, ஆளுக்கு ஒரு ஆணி ஒதுக்கியிருந்தார்கள். நனைந்து வருகிறவர் தன் ஆணியில் கம்பளியை மாட்டிவிட்டு வேலைக்குப் போவார். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆணி கொடுத்துவிட்டார்கள் என்றால் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். குழாய் வளைகிற முழங்கைதான் எல்லாவற்றிலும் சூடான இடம், சீசனில் இரவும் பகலும் அதில் கை வைக்க முடியாது. அந்த இடத்தை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதையாக வாருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை தூக்கி முடித்ததும் வாரைச் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு கொண்டுபோய்க் குழாயின்மேலேயே படும்படி மாட்டிவிடுவார்களாம்.

"ஒரு மணிக்கூர்ல மொறுமொறுன்னு ஆயிரும் சாரு" என்றார் அந்தோணி.

அந்த மொறுமொறுவைக் கேட்டதும் என் கை தானாக வாரின்மேல் போனது. ஒரு ஓரத்தில் சின்னத் தோல் துண்டு ஒன்றைத் தைத்திருந்தார்கள். அதை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் மறைந்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. ஆணியில் மடிந்து தொங்கிய இடம் இன்னும் கருத்திருந்தது. அங்கே கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் மெல்லிய தூள் ஒட்டியது. எரிந்த மோட்டாரில் நான் சுரண்டிய காகிதத்தின் நிறமும் இதேதான்.

அந்த நூலுக்கு அராமிட் என்று பெயர் என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். இன்று உங்கள் கையுறையில் இருக்கிறது, தீயணைப்புக்காரர்கள் உடுப்பில் இருக்கிறது. நைலான் மாதிரி உருகாது. தீயைக் காட்டினால் எரிந்து பரவாது, தீயை விலக்கினால் தானே அடங்கிவிடும். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கொஞ்ச நேரத் தீயைத் தாங்குவது வேறு, மாதக்கணக்கில் கடும் சூட்டில் கிடப்பது வேறு. விடாமல் சூடு பட்டால் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். நைலான் வாராக இருந்திருந்தால் அந்தப் புகைக்குழாயில் முதல் நாளே உருகி விஷயத்தைச் சொல்லியிருக்கும். அராமிட் சொல்லாது. அகலம் குறையாது, நெசவு கலையாது, பலம் மட்டும் போயிருக்கும்.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதம்தான்.

"இதுல தூக்க வேண்டாமுங்க" என்றேன்.

டீமேக்கரின் முகம் வாடிவிட்டது. "சாரே, தீயே இதை ஒண்ணும் செய்யல. பின்னே சூடு எந்து செய்யும்?"

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. மாடியில் கொழுந்து வாடுகிற வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும். இதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் ஓடத்தான் செய்தது. ஆனால் அந்தோணி தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை.

"இழுத்துப் பார்க்கலாமுங்க. விசிறி எடையப் போல ரெண்டு மடங்கு இழுத்து, அறுகலீன்னா தூக்கலாம்."

"எதை வச்சு இழுக்க?" என்றார் அந்தோணி.

பாக்டரி வாசலில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருந்தது. அதன் விட்டத்தில் சுருட்டித் தொங்கிய கயிறு ஒன்றை வரும்போதே பார்த்திருந்தேன், என் கையளவு தடிமன். தோட்டத்தில் வருடம் ஒருமுறை விளையாட்டு விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டிக்கான வடம் அது. இரண்டு பக்கமும் ஆள் நிறைய நின்று ஊன்றி இழுத்தால் அவ்வளவு பலம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பாக்டரி ஆண்கள் ஒரு பக்கம், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு பக்கம். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குத் தேநீர் போட்டுப் பரிமாற வேண்டும். ஆண்கள் தேநீர் போடுவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்று டீமேக்கர் சொன்னார். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முறுக்கேறிய கால்களோடு போட்டி போட்டால் வேறென்ன நடக்கும்.

மதிய நிறுவைக்குப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் தலைவி ரோசம்மா, அந்தோணியின் மனைவி. நடுத்தர உயரம், உறுதியான தோள்கள், யார் பேசினாலும் நேராகக் கண்ணைப் பார்க்கிற பார்வை. நான் விஷயத்தைச் சொன்னேன். வாரைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். கீழே யார் நிற்பார் என்று சொன்னபோது தலையாட்டவில்லை.

"அந்த எடம் எங்கன இருக்கு?"

காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்து வெளியே வந்தார். முழங்கையில் சுவர்க்கரி அப்பியிருந்தது. செடியின் ஈரம் படாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டார்.

"இழுப்போம் சாரு."

வாரின் ஒரு பக்கத்தில் அந்த வடத்தைக் கட்டிப் பெண்களிடம் கொடுத்தேன். மறுபக்கத்தில் விசிறியைக் கட்டி வந்த லாரிக் கயிற்றை மடித்துக் கட்டி ஆண்களிடம் கொடுத்தேன். அறுந்தால் யார் முகத்திலும் அடிக்காமல் இருக்க, நனைத்த சாக்குகளை வாரின்மேல் போட்டு மூடினேன். பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது என்று விரட்டினேன். தரை நல்ல சேறு, விழுந்தாலும் எலும்பு தப்பும். டீமேக்கர் விசிலை ஊதினார்.

பெண்கள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். ஆண்கள் முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, முனகி, அப்படியே சறுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனார்கள். ஓடிப்போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். வார் முழுசாக இருந்தது.

"கண்டில்லே சாரே?" டீமேக்கர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. வார் நல்லது, என் சந்தேகம்தான் வீண். வெட்கமாக இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. செயின் பிளாக்கை மாட்டச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ரோசம்மா மட்டும் கைதட்டவில்லை. ஆண்கள் நின்ற பக்கம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுக இழுக்கல சாரு."

"என்ன சொல்லுதே நீ? ஜெயிச்சது நீங்கதான?" என்றார் அந்தோணி.

"குதிகால் எறங்கின தடம் ஒண்ணாவது இருக்கா? ஊன்றி இழுத்தா குழி விழும்லா? எல்லாம் வழுக்கிக்கிட்டு வந்த தடம். வேணும்னே விட்டுக் குடுத்திருக்காக."

ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அங்கே மேகம் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் அந்தோணிதான் வாயைத் திறந்தார்.

"ஓங்கி இழுத்து அறுத்துட்டா இந்த மாதிரி வாருக்கு எங்கன போறது? டீமேக்கர் சாரு ஆசையா வச்சிருக்காரு. அதான் எல்லாரும் கொஞ்சம் பாத்து..."

ஆண்களிடம் தான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று டீமேக்கர் சத்தியம் செய்தார். அது உண்மைதான். யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே, பேசி வைத்துக்கொள்ளாமலேயே, அந்த வாரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு பிரியம் அதன்மேல். தன் தலைக்கு மேலே தொங்கப்போகிற வாரை, அறுந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து இழுத்திருக்கிறார் அந்தோணி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் நான் அவரை அந்தச் சந்துக்குள் அனுப்பியிருப்பேன்.

ரோசம்மாவுக்கு வந்ததோ கோபம் மட்டும்.

"வருசா வருசம் நீங்க ஊத்துத டீயக் குடிச்சு எங்களுக்கு நாக்கு மரத்துப்போச்சு. இன்னைக்காவது ஆம்பளைங்க மாதிரி நிப்பீகளா, இல்ல அந்தக் கயித்த மரத்துல கட்டட்டுமா? மரமாவது ஒழுங்கா நிக்கும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பாக்டரித் தகரமே அதிர்ந்தது. அவ்வளவுதான், ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்தார். ஆபீஸ் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். லாரி டிரைவர் வந்தார். பெண்கள் பக்கம் இன்னொரு மலையிலிருந்து கூடையோடு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கம் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் நின்றேன். சாப்பிட்ட ரொட்டிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டாமா?

விசில். இந்த முறை யாரும் சறுக்கவில்லை. குதிகால்கள் சேற்றில் இறங்கின. கயிறு முனகியது. அந்தோணியின் கழுத்து நரம்பு புடைத்தது. எதிர்ப்பக்கம் ரோசம்மா வானத்தைப் பார்க்க மல்லாந்து, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே இழுத்தார். ஆண்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒருவர் கத்தினார்.

சாக்குக்கு அடியில் பழந்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்து நான் பார்த்தது மேகத்தைத்தான். எனக்கு மேலே கிளார்க், கிளார்க்குக்கு மேலே டிரைவர். அந்தப் பக்கம் பெண்கள் வரிசை மொத்தமும் சேற்றில் கிடந்தது.

டீமேக்கர் போய்ச் சாக்கை விலக்கினார். ஆணியில் மடிந்து தொங்கிய அதே இடத்தில் வார் அறுந்திருந்தது. நுனியை அவர் விரலால் கசக்கினார், இழை தூளாகி உள்ளங்கையில் விழுந்தது. அவர் அந்தத் தூளையும் புகைக்குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அத்தனை பேரிலும் அதை அதிகம் நேசித்தவர் அவர்தான். நல்ல இடம் என்று நினைத்துத்தான் அங்கே மாட்டினார். பொருளைக் கெடுத்தது அலட்சியம் இல்லை, அளவுக்கு மீறிய கவனிப்பு.

அந்தோணி எழுந்து வந்து அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. துண்டைக் கீழே போட்டுவிட்டு நேராக ரோசம்மாவிடம் போனார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் நெற்றியில் அப்பியிருந்த சேற்றைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் துடைத்தார்.

"சரி சரி, விடுங்க. சோலி கெடக்கு" என்றார் ரோசம்மா.

அப்போது கிளம்பியதுதான் சிரிப்பு. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. விழுந்து கிடந்தவர்கள் விழுந்தபடியே சிரித்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அந்தச் சேற்றுக்குள் கிடந்துகொண்டு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அரை டன் இரும்பு ஒருவர் தலையில் விழாமல், நாங்கள் எல்லோரும் சேற்றில் விழுந்து முடித்திருந்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வார் அறுந்தது, வடம் அறவில்லை. அத்தனை பேர் பலத்தையும் அது தாங்கியிருக்கிறது. அதன் முறுக்கை அங்கங்கே விலக்கி இழைகளைப் பார்த்தேன். இன்னும் புதுசு மாதிரி இருந்த மணிலா நார்க் கயிறு. விட்டத்தில் காற்றோட்டமாகத் தொங்கியதே தவிர, அடுப்புப் பக்கம் போனதில்லை. விளையாட்டுச் சாமானுக்கு யார் ஆணி ஒதுக்குவார்கள்? அதை மரத்தில் கட்டி மறுபடியும் எல்லோரையும் இழுக்கச் சொன்னேன். இந்த முறை குதிகால் தடத்தை நானே போய்ப் பார்த்தேன். பிறகு அதை நாலு மடிப்பாக்கி விசிறியைச் சுற்றி, செயின் பிளாக்கின் கொக்கியில் மாட்டினோம்.

அந்தோணி சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். செயினை நானே இழுத்தேன், ஒவ்வொரு கண்ணியாக. விசிறி மேலே போய், டிரையரைத் தாண்டி, அவர் தலைக்கு நேரே வந்து நின்றது. மெதுவாக இறக்கினேன். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும்: "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நில்லுங்க... விடுங்க." தண்டு பேரிங்கில் உட்காருகிற அந்த நல்ல சத்தம் கேட்டது. கரி பூசிய முகத்தோடு அந்தோணி வெளியே வந்து சிரித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிரில் வந்த கண்ணீர் என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அடுப்பு மூட்டி, விசிறியை ஓட்டி, முதல் கொழுந்தை டிரையரில் விட்டார்கள். அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முதலில் வெளிவந்த தேயிலையிலேயே அண்டா நிறையத் தேநீர் போட்டார்கள். போட்டது ஆண்கள்தான். ஆனால் இந்த முறை சண்டை போட்டுக்கொண்டே போட்டார்கள். வார் அறுந்ததால் போட்டி செல்லாது என்றார் கிளார்க். அறுவதற்கு முன் ஒரு அங்குலம் இழுத்துவிட்டதால் ஜெயித்தது தாங்கள்தான் என்றார் டிரைவர். ஜெயித்தவர்களுக்குத்தான் தேநீர் போடத் தெரியும் என்று பெண்கள் தீர்ப்புச் சொல்லி, டம்ளரை நீட்டிவிட்டார்கள். அதற்குள் டீமேக்கர் ஒரு சுத்தியலோடு போய், புகைக்குழாயின் முழங்கையை ஒட்டி இருந்த பெரிய ஆணியைப் பிடுங்கினார். அதைக் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி வேறிடத்தில் அடித்து, சேறு பிடித்த என் ஸ்வெட்டரை மாட்டிவிட்டு வந்தார். அது இனி எனக்கு உரிய ஆணி என்றார். பிற்காலத்தில் எனக்குச் சால்வையெல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்த ஆணிக்கு எதுவும் ஈடில்லை.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரோசம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்கக்கா, அவங்க சும்மா வழுக்கிட்டு வந்தது எங்க யாருக்குமே தோணலீங்களே. நான்கூட எல்லாஞ் சரின்னு சொல்ல வாயத் தொறந்துட்டனுங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க கீழ பாக்கணும்னு தோணிச்சு?"

அவர் டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துச் சூடு காய்ந்தபடி யோசித்தார். எதிரே அந்தோணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் இரண்டாம் சுற்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கள்லாம் வாரு அறுமா அறாதான்னு பாத்துக்கிட்டு நின்னீக சாரு. நான் அந்தச் சந்துக்குள்ள போயி, இவரு நிக்கப்போற எடத்துல நின்னு, ஒருக்க மேல அண்ணாந்து பாத்துட்டு வந்தேன். பொறவு எப்படி சாரு சும்மா இழுக்க முடியும்?"

அன்றிலிருந்து வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை, எந்தப் பளுவைத் தூக்குவதற்கு முன்னாலும், கீழே ஆள் நிற்கப்போகும் இடத்தில் நான் போய் நிற்பேன். ஒருமுறை அண்ணாந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து வாரைக் கையில் எடுப்பேன். நீங்களும் முதலில் அங்கே போய் நின்றுவிட்டு வாருங்கள்.